சத்தமில்லாமல் ஒரு பெயரை எடுப்பது

வாக்காளர் பதிவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலருக்குத் தமிழ் படிக்க வரும் என்று கேள்விப்பட்டேன். அதனால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். ஹூஸ்டனை ஒட்டிய நம் கேட்டி ஊர், கவுண்டி எனப்படும் மாவட்டங்கள் மூன்றில் பரந்து கிடக்கிறது. நான் எந்தக் கவுண்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன் என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். இதில் வரும் குடும்பத்தாரின் பெயர்களையும் மாற்றிவிட்டேன்.

எந்தப் படிவம் எங்கே போகும், கம்ப்யூட்டரில் எதை எப்படி ஏற்றுவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரின் பயத்தை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். கோயில் வாசலில் நாம் மேசை போட்டு உட்கார்ந்தால் நம் ஆட்கள் சற்று விலகி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். "கையெழுத்துப் போட்டா கோர்ட்டுல ஜூரி டியூட்டிக்குக் கூப்பிடுவாங்களாமே?" என்பார் ஒருவர். "நம்ம அட்ரஸ் எல்லாம் பப்ளிக் ஆயிடுமாமே ஆண்ட்டி?" என்பார் இன்னொருவர். சிரித்துப் பேசி, பதில் சொல்லி, பலரையும் உட்கார வைத்திருக்கிறேன். பயம் என்றால் இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன், தண்டபாணி வரும்வரை.

அலுவலகம் மூடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் வந்தார். வெளியே ஹூஸ்டன் பக்கத்துக்கே உரிய கோடை மழை. கவுண்டரில் தன் முறை வந்தபோதெல்லாம் பின்னால் நிற்பவரை முன்னே அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியாக அவர் மட்டும் மிஞ்சியபோது என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டு, "நீங்க தமிழுங்களா?" என்றார்.

"ஆமாங்க. சொல்லுங்க."

"கொஞ்சம் தனியாப் பேசணுங்க்கா."

என் அறைக்குக் கூட்டிப்போனேன். திருச்செங்கோட்டுக்காரர். எண்ணெய் நிறுவனம் ஒன்றில் குழாய்ப் பாதை வடிவமைக்கும் இன்ஜினியர். பேச்சில் அந்த ஊர் இழுவை அப்படியே இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. நாங்கள் தபாலில் அனுப்புகிற வாக்காளர் அட்டை அது.

"இது எனக்கு வந்திருக்குங்க. ஆனா நான் சிட்டிசன் இல்லைங்க. கிரீன் கார்டுதானுங்க."

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே குடிமக்கள் மட்டும்தான் வாக்காளராகப் பதிவு செய்யலாம். வேறு யாராவது பதிவு செய்துவிட்டால், அது தெரியாமல் நடந்ததாகவே இருந்தாலும், குடியுரிமை கிடைக்காமல் போகலாம். நாட்டைவிட்டே அனுப்புகிற அளவுக்கும் போகலாம்.

"எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

"டிரைவர் லைசென்ஸ் ரினியூ பண்ணப் போனேனுங்க. கவுண்டர்ல வரிசையாக் கேள்வி கேட்டாங்க. ஆர்கன் டோனரா, அட்ரஸ் அதேதானா, வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் வேணுமான்னு. பின்னாடி பெரிய க்யூ. எல்லாத்துக்கும் யெஸ், யெஸ்னு சொல்லிட்டேன். கடைசில ஒரு ஸ்கிரீன்ல சைன் போடச் சொன்னாங்க, போட்டேன். அவ்வளவுதானுங்க்கா நடந்துச்சு."

"சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணிட்டீங்களா?"

"அடுத்த வாரம் இன்டர்வியூங்க. அந்த ஃபார்ம்ல எப்பவாவது வோட்டருக்கு ரெஜிஸ்டர் பண்ணியிருக்கியான்னு ஒரு கேள்வி இருக்கு. நோன்னு போட்டிருக்கேன். எனக்குத் தெரியாதே அப்ப. சத்தியமாத் தெரியாதுங்க."

அடுத்து நான் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. "வோட்டுப் போட்டீங்களா?"

"ஐயோ, இல்லவே இல்லைங்க."

திரையில் அவருடைய பதிவைத் திறந்தேன். எல்லாரும் இப்படித்தான் இல்லை என்பார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று அப்படிச் சொல்வதில்லை. பள்ளி நிர்வாகக் குழுத் தேர்தல், ஊர்த் தேர்தல் என்று எதையோ போட்டுவிட்டு அதெல்லாம் கணக்கில் வராது என்று நினைத்திருப்பார்கள். பக்கம் திறக்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாக்களித்த விவரம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. "இல்லை" என்றேன். அவர் அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

பிறகு முன்னால் நகர்ந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஓபனாத்தான இருக்கு. அப்படியே எடுத்துடுங்களேன். யாருக்குத் தெரியப் போகுது? நான் பாட்டுக்கு இன்டர்வியூக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றார்.

முடியாத காரியத்தை அவர் கேட்கவில்லை. ஒரு பெயரை நீக்கும்போது காரணம் கேட்டு ஒரு பட்டியல் விரியும். இறந்துவிட்டார், ஊர் மாறிவிட்டார், இரண்டு முறை ஏறிவிட்டது, இப்படி. 'அலுவலகப் பிழை' என்றும் அதில் ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுத்து ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவர் சொன்னது உண்மை என்று என் மனசுக்குத் தெரிந்தது. அவருக்கு ஹைஸ்கூல் படிக்கிற மகள் இருந்தாள். நானும் ஒரு காலத்தில் அந்த இன்டர்வியூ அறைக்கு வெளியே காத்து உட்கார்ந்திருந்தவள்தான். என் கை மௌஸின்மேல் இருந்தது.

"அஞ்சு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து என் மேலதிகாரியின் அறைக்குப் போனேன்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கறுப்பினப் பெண்மணி. என்னைவிடச் சில வயது மூத்தவர். தென் மாநிலம் ஒன்றில் பிறந்து வளர்ந்து டெக்சஸ் வந்தவர். அலுவலகத்தில் அதிகம் பேச மாட்டார். சொந்தக் கதை எதையும் அவர் வாயிலிருந்து அதுவரை நான் கேட்டதில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அந்த மனிதர் சொல்வதை நம்புகிறாயா?"

"நம்புகிறேன்."

"நானும் நம்புகிறேன். ஆனால் சத்தமில்லாமல் எடுக்காதே."

"எடுத்தால் அவருக்கு நல்லதுதானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "என் அப்பா மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவர்" என்று ஆரம்பித்தார்.

அவர் சிறுமியாக இருந்த காலத்தில், அவர்கள் ஊரில் கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிவு செய்யப் போனால் ஒரு பரீட்சை வைப்பார்கள். மாநில அரசியல் சட்டத்திலிருந்து ஒரு பகுதியை எழுதச் சொல்வார்கள், அதற்கு விளக்கம் கேட்பார்கள். விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்வது பதிவு அலுவலகத்து கிளார்க் மட்டும்தான். வெள்ளையருக்கு எளிதான ஒரு வரி கொடுப்பார்கள். இவர்களுக்குப் பக்கம் பக்கமாக நீளும். அதனால் சர்ச்சின் கீழ்த்தளத்தில் வகுப்பு நடத்தினார்கள். பருத்திக் காட்டிலும் ஆலையிலும் வேலை முடித்து வந்த பெரியவர்கள் குழந்தைகளின் பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் இல்லை. அதே தெருக்காரர்கள், தலைமுடி அலங்காரக் கடை வைத்திருந்த ஒரு பெண்ணும் அதில் உண்டு. எழுதப் படிக்க மட்டும் இல்லை, கிளார்க் காக்க வைத்தால் எப்படி நிற்பது, கத்தினால் எப்படிப் பதில் சொல்வது என்பதையும் நடித்துப் பழகினார்கள். பதிவு கேட்டுப் போனவர்களின் பெயர்கள் உள்ளூர்ப் பேப்பரில் வரும். அதைப் பார்த்து முதலாளி வேலையை விட்டு நிறுத்துவார், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். இதெல்லாம் தெரிந்தும் போனார்கள்.

"அப்பா பலமுறை போய், கடைசியில் தேறினார். அம்மா அன்றைக்குக் கோழி அடித்தாள். தேர்தல் நாள் வந்தது. அப்பா சர்ச்சுக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உன் பெயர் இல்லையே என்றார்கள். எப்போது எடுத்தீர்கள், யார் எடுத்தது என்று கேட்டார். யாரும் எடுக்கவில்லை, இல்லை அவ்வளவுதான் என்றார்கள். பெயரை அடித்த ஒரு கோடுகூடக் கிடையாது. சண்டை போடவாவது யாராவது இருக்க வேண்டாமா? அந்தப் பெயரை எடுத்த கையைக் கடைசிவரை அவர் பார்க்கவே இல்லை."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு முடிவு செய்தேன். என் அலுவலகத்தில் ஒரு பெயர் ஏறினாலும் இறங்கினாலும், யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்பது வெளிச்சத்தில் இருக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் சத்தமில்லாமல் எடுக்க ஒரு கை பழகிவிட்டால், நாளைக்கு இந்த நாற்காலிக்குக் கெட்ட எண்ணத்தோடு வருகிறவனுக்கு அதே வழி திறந்து கிடக்கும். அவரே எழுதித் தரட்டும். நடந்ததை நடந்தபடி. நாம் முத்திரை போட்டு நகல் தருவோம். வாக்களிக்கவில்லை என்பதற்கும் சான்று தருவோம். மற்றதை வக்கீல் சொல்லட்டும். அது நம் வேலை இல்லை."

அறைக்குத் திரும்பி இதைச் சொன்னபோது தண்டபாணியின் முகம் வெளுத்துவிட்டது.

"நானே எழுதிக் குடுத்தா நானே மாட்டிக்கிற மாதிரி ஆயிடாதுங்களா?"

"இன்னைக்கே ஒரு இமிக்ரேஷன் லாயரைப் பாருங்க. அவர் என்ன சொல்றாரோ அதை மட்டும் செய்யுங்க. அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கார்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வாயைத் திறக்காதேங்கறாங்க."

"உறுதிமொழி எடுத்துட்டு இன்டர்வியூல ஆபீசர் முன்னாடி உக்காரப் போறது உங்க ஃப்ரெண்ட்ஸ் இல்லீங்களே."

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் வந்துவிட்டார். வக்கீலும் அதையேதான் சொல்லியிருந்தார்: மறைக்காதே, அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல். என் எதிரே உட்கார்ந்து ஆங்கிலத்தில் நாலைந்து வரி எழுதினார். தான் குடிமகன் இல்லை, தவறுதலாகப் பதிவாகிவிட்டது, நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பெரிய குழாய்களுக்குப் படம் போடுகிறவர் தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினார். பெயரை நீக்கி, முத்திரை போட்ட நகலும் வாக்களிக்கவில்லை என்ற சான்றும் கொடுத்தேன். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு இருந்த விதி வேறு, இன்றைக்கு உங்களுக்கு உள்ள விதி வேறு. இப்படி ஒருவர் வந்தால் என் கதையைப் பார்த்துச் செய்யாதீர்கள், உங்கள் மேலதிகாரியிடம் போங்கள். தனியாக மட்டும் முடிவெடுக்காதீர்கள். அது எந்த விதிக்கும் பொருந்தும்.

இன்டர்வியூ அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. மாலையில் போன் வந்தது. "சொல்லிட்டேனுங்க்கா. அந்த ஆபீசர் எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கிட்டாரு. என்னையே ஒரு ஸ்டேட்மென்ட் எழுதச் சொல்லி சைன் வாங்கினாரு. இப்ப முடிவு சொல்ல முடியாது, லெட்டர் வரும்னாருங்க."

அவர் மனைவி சுகன்யாவும் தனியாக விண்ணப்பித்திருந்தார். அவருக்கு அன்றைக்கே கிடைத்துவிட்டது. மகள் இங்கேயே பிறந்தவள். ஒரே வீட்டில் இரண்டு பேர் குடிமக்கள், அவர் மட்டும் வெளியே நின்றார்.

லெட்டர் வரவில்லை. மாதங்கள் போயின. அதற்குள் திருச்செங்கோட்டில் அவருடைய அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கேஸ் முடியாமல் நாட்டைவிட்டு வெளியே போக வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆபரேஷன் தியேட்டருக்கு அம்மாவைத் தள்ளிக்கொண்டு போவதை வீடியோ காலில் பார்த்தாராம்.

அடுத்த நாள் சுகன்யா அலுவலகத்துக்கு வந்தார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்க அன்னைக்கே டெலீட் பண்ணியிருந்தா இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும்ல?"

"இருக்கலாங்க" என்றேன்.

"வாசல்ல பெல் அடிச்சா அவர் பாத்ரூமுக்குள்ள போயிடறாரு. அமேசான்காரன் வந்தாக்கூட. எங்க பொண்ணு, 'டாட், இட்ஸ் ஜஸ்ட் அ பேக்கேஜ்'னு கதவுக்கு வெளிய நின்னு சொல்றா. ஒரு பட்டனைத் தட்டறதுல உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

மர அறுவை ஆலையில் வேலை பார்த்த ஒருவரின் கதையை அந்த நேரத்தில் அவரிடம் எப்படிச் சொல்வது? "எனக்கும் பயமாத்தாங்க இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

நான் மேலதிகாரியிடம் போய், "நாம் செய்தது தவறாகிவிட்டால்?" என்று கேட்டேன். ஆறுதலாக எதையாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆகலாம்" என்றார். "அப்படி ஆனால் அது நாம் இரண்டு பேரும் செய்த தவறு. கேட்கிறவர்களுக்கு நம் பெயர் தெரியும். அதற்குமேல் என்னிடம் எதுவும் இல்லை."

சரியாகச் செய்தோம் என்பதற்கு இந்த வேலையில் உடனே ரசீது கிடைக்காது. சில சமயம் கிடைக்கவே கிடைக்காது. அந்த மாதங்களில் தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால்கூட வாசலுக்குப் போய் நிற்பேன். தண்டபாணிக்கு வர வேண்டிய கடிதம் என் வீட்டுக்கா வரப் போகிறது?

கடிதம் ஒருநாள் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். தானாக முன்வந்து சொன்னதும், நாங்கள் கொடுத்த நகல்களும் உதவின என்று வக்கீல் சொன்னாராம். இன்னோர் அதிகாரியாக இருந்திருந்தால் வேறு மாதிரி முடிந்திருக்கலாம் என்றும் சொன்னாராம். இரண்டையும் நான் நம்புகிறேன்.

குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் விழாவுக்கு வெளியே வாக்காளர் பதிவு மேசை போடுவது நம் வழக்கம். அன்றைக்கு அந்த மேசையில் நான் இருந்தேன். கையில் சின்னக் கொடிகளோடு மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தண்டபாணி கோட் போட்டுக்கொண்டு, மனைவி மகளோடு வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. நான் யோசிக்காமல், எல்லாருக்கும் செய்வதுபோல, ஒரு படிவத்தை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன்.

அவர் ஓரடி பின்னால் போனார். கொடி பிடித்திருந்த கை முதுகுப் பக்கம் போய்விட்டது.

"வேண்டாங்க்கா. என் பேரு எந்த லிஸ்ட்லயும் வேண்டாங்க்கா."

"டாட், யூ ஆர் அலவ்ட் நவ்" என்றாள் மகள்.

"தெரியுதும்மா" என்றார். ஆனால் முன்னால் வரவில்லை. என் கையிலிருந்த படிவத்தைச் சுகன்யா வாங்கிக்கொண்டார். நின்றபடியே எழுதினார். தன் பெயரை மட்டும்.

இதை நான் மேலதிகாரியிடம் சொன்னபோது அவர் சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடந்த அந்த வகுப்பைப் பற்றி இன்னும் ஒன்று சொன்னார். பரீட்சையில் தோற்றவர்கள் மறுபடி வருவார்களாம். தேறிய பிறகும் வாக்குச்சாவடிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களைத் தேடித்தான் வகுப்பு நடத்தியவர்கள் நிறைய நடந்தார்களாம். அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து வேறு எதையாவது பேசிவிட்டு வருவார்களாம். திட்டுவதும் இல்லை, கெஞ்சுவதும் இல்லையாம்.

அதன் பிறகு வந்த தேர்தலில், முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களில், கேட்டியில் வாக்குச்சாவடியாக மாற்றியிருந்த ஒரு நூலகத்தில் வரிசையைக் கவனிக்கும் வேலை எனக்கு. பார்க்கிங்கில் ஒரு வண்டி இன்ஜின் ஓடியபடி நின்றது. உள்ளே தண்டபாணி. போய்க் கண்ணாடியைத் தட்டினேன். கொஞ்சம் போல இறக்கினார்.

"சுகன்யா உள்ள இருக்காளுங்க. நான் சும்மா டிராப் பண்ண வந்தேன்."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"வாக்கர் வெச்சு நடக்கறாங்க. டிசம்பர்ல போறோமுங்க. டிக்கெட் போட்டாச்சு." பேச்சு அம்மாவைப் பற்றித்தான். கண் நூலகத்தின் கதவை விட்டு நகரவில்லை. யாராவது வெளியே வந்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

சுகன்யா வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வண்டிக்குள் ஏறினார். கதவைச் சாத்துவதற்குள் தண்டபாணி கேட்டார்: "என்ன கேட்டாங்க?"

"ஐடி கேட்டாங்க. குடுத்தேன்."

"அப்புறம்?"

"பேரு சரியான்னு கேட்டாங்க. சரின்னேன்."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"வேற என்னத்தக் கேப்பாங்க?"

அவர் இன்ஜினை அணைத்தார். என் பக்கம் திரும்பி, "அடுத்த தடவை வாசல் வரைக்கும் வர்றேனுங்க்கா" என்றார்.

உள்ளேயும் வாருங்கள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"வாங்க, நானும் வாசல்லதான் நிப்பேன்" என்றேன்.